நேற்று நாற்பத்தேழு அழுத்தல், போன் ஒன்று

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் பேத்தியும் உங்கள் தகப்பனாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், கடைக்குத்தான் உடம்பு சரியில்லை. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். கொஞ்ச நாளாக எனக்குப் போனைத் தொடவே பயமாக இருக்கிறது. எதைத் தொட்டால் எவன் காசு பிடிப்பான் என்று தெரியவில்லை.

போன மாதம் வந்திருந்தபோது, "மாமா, உங்க கடைக்கு நெட்டுல விளம்பரம் போட்டுடலாம். வாஷிங் மெஷின் ரிப்பேர்னு யார் தேடினாலும் உங்க பேருதான் முதல்ல வரும். அழுத்தினாத்தான் காசு, அழுத்தலைன்னா காசே இல்ல" என்றீர்கள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அழுத்துகிறார்கள், மாப்பிள்ளை, அப்படி அழுத்துகிறார்கள். ஒரு நாளைக்கென்று நாம் கட்டும் பணம் காலை பத்தரைக்குள் தீர்ந்து, விளம்பரமும் மறைந்துவிடுகிறது. ஆனால் வாஷிங் மெஷின் பத்தரைக்கு மேல்தான் கெட்டுப்போகும், இதை முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன். துணியைப் போட்டு, தண்ணீர் நிரம்பி, சுற்றாமல் நின்று, அதை நாலு தட்டுத் தட்டி, வீட்டில் யார் மூடியை ஒழுங்காக மூடவில்லை என்று ஒரு சண்டை முடிந்த பிறகுதான் மெக்கானிக்கைத் தேடுவார்கள். அந்த நேரத்துக்கு நம் பெயர் அங்கே இருப்பதில்லை. நேற்று மட்டும் நாற்பத்தேழு அழுத்தல். வந்த போன் ஒன்று. அதுவும் உங்கள் அத்தை, குளியலறைக்குப் பல்பு வாங்கி வரச் சொல்லி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்று நான் சொல்லவில்லை, அத்தைதான் சொன்னாள்.

விளம்பரக் கம்பெனிக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, புகாருக்கு மூன்றை அழுத்து என்றது ஒரு குரல். அழுத்தித்தானே இந்தக் கதிக்கு வந்தேன், அதனால் எதையும் அழுத்தாமல் இருபது நிமிடம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்தது. "சார், உங்க விளம்பரத்துக்கு அமோக வரவேற்பு, வாழ்த்துகள்!" என்றது. வரவேற்பு சரி, வந்தவர்கள் எங்கேம்மா என்று கேட்டேன். "சில சமயம் போட்டிக்காரங்க வேணும்னே அழுத்தி உங்க பணத்தைத் தீர்த்துடுவாங்க சார். எங்க சிஸ்டம் பிடிச்சுடும். சில சமயம் பிடிக்காது" என்று சொல்லி வைத்துவிட்டது. மாப்பிள்ளை, என் மண்டைக்குள் அப்போதுதான் பல்பு எரிந்தது. குளியலறைக்கு இன்னும் வாங்கவில்லை.

எங்கள் கடைக்கு நேர் எதிரே ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறானே, ஃப்ரிட்ஜ்காரன், உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்தில் ஓடி ஓடிப் பரிமாறியவன். பதினெட்டு வருடமாக என் மெஷினின் மறுபக்கத்தை அவன் தூக்குவான், அவன் ஃப்ரிட்ஜின் மறுபக்கத்தை நான் தூக்குவேன். இரண்டுமே ஒருவர் தூக்குகிற சாமான் இல்லை. அவனும் சமீபத்தில் வாஷிங் மெஷின் பார்க்க ஆரம்பித்திருக்கிறான். மூன்று நாள் உட்கார்ந்து கவனித்தேன். கையில் சதா போன். கட்டைவிரல் டக்கு டக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்றுக் காலை பொறுக்க முடியாமல் தெருவைத் தாண்டிப் போய்விட்டேன்.

"உன் கட்டைவிரல் என் விளம்பரத்து மேலதானே ஓடுது?" என்று கேட்டேன்.

"என்னய்யா உளர்றே? முட்டாய் உடைக்கிற விளையாட்டு ஆடறேன். அறுநூத்திப் பன்னெண்டாவது கட்டத்துல நிக்கறேன்."

"யாருக்குக் காது குத்தறே? எனக்குக் குத்தி அம்பது வருஷமாச்சு. நீ திருடன்யா!"

தையற்கடைக்காரர், பழக்கடைக்காரர் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவன் பதிலுக்குக் கத்துவான் என்று பார்த்தால், போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் இந்தப் பேரு வச்சுட்டேல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டான். அதிலிருந்து பழுது பார்த்த மெஷின் ஒன்று என் கடை வாசலிலேயே நிற்கிறது. தனியாகத் தூக்கிப் பார்த்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும் மாப்பிள்ளை, அந்தத் தெருவில் தனியாக நின்று எனக்குப் பழக்கமில்லை.

ஆகையால் நீங்கள் உடனே கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதி, அதில் ஃப்ரிட்ஜ்காரன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும். அழுத்திய விரல் எதுவானாலும் அதை ஒடித்து அடுப்பில் வைக்க வேண்டும். அழுத்தியவனைப் பெற்றவர்களையும் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

உங்கள் தகப்பனாருக்கு என் நமஸ்காரங்கள். பேத்திக்கு ஆயிரம் முத்தங்கள். எல்லோரும் நோய்நொடியில்லாமல், உங்கள் வீட்டு மெஷின் நிற்காமல் சுற்ற, நிறைந்த மனதோடு வாழ்த்தும்,
உங்கள் மாமனார்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் தகப்பனார் போன் செய்தார். பச்சைப் பொத்தானைத் தொட எனக்குப் பயம், அத்தைதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சம்பந்தி! இன்னிக்கு அம்பதைத் தாண்டிட்டோம்!" என்றார்.

"எதை சம்பந்தி?"

"உங்க விளம்பரத்தைத்தான்! அழுத்தினாத்தான் மாமாவுக்கு வியாபாரம்னு என் பையன் சொன்னான். ரிட்டையர் ஆனவனுக்கு வேற என்ன வேலை? வாக்கிங் முடிச்சு பார்க்கு பெஞ்சுல உக்காந்து, எங்க செட்டு ஏழு பேரும் உங்களுக்கு அழுத்திட்டுத்தான் எழுந்திருப்போம். கண் ஆபரேஷன் பண்ணின ஹெட்மாஸ்டர்கூட தடவித் தடவி அழுத்தறார். நாளையிலிருந்து யோகா கிளாஸ் ஆளுங்களையும் சேர்த்துடறேன்!"

பெண் கொடுத்த வாய். "ரொம்ப நன்றி சம்பந்தி" என்றேன். மேலே விரலை ஒடிக்க வேண்டும் என்று எழுதிய இடத்தில் மோதிரம் போட வேண்டும் என்று படிக்கவும். பெற்றவர்களைப் பற்றிய வரியைப் படிக்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜ்காரன் என்று வரும் இடங்களில் எல்லாம் ஃப்ரிட்ஜ்காரர் என்று திருத்திக்கொள்ளவும். புகார் கிகார் எதுவும் எழுத வேண்டாம்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று உடனே தெருவைத் தாண்டினேன். அவர் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றைத் தனியாக வேனில் ஏற்றப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கேட்காமலே மறுபக்கத்தைப் பிடித்தேன். பிடித்தபடியே எல்லாவற்றையும் சொல்லி, என்னை மன்னித்துவிடு என்றேன். என் கண் கலங்கிவிட்டது. ஃப்ரிட்ஜ் வேனில் ஏறிய பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? மொத வாரம் நானும் ஒரு பத்துப் பன்னெண்டு தடவை அழுத்தினேன். உன் பேரு போன்ல வருதேன்னு சந்தோஷமா இருந்துச்சுய்யா" என்றார்.

விளம்பரத்தை இன்றே நிறுத்திவிடுங்கள், மாப்பிள்ளை. இத்தனை பேர் என்மேல் வைத்திருக்கும் பாசம் எனக்குக் கட்டுப்படியாகவில்லை.