ஜெர்மனியா, மட்டாஞ்சேரியா?

ஐரோப்பாவை அங்கேயே பிறந்து, வளர்ந்து, ஆண்டுகொண்டிருப்பவர்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ஐரோப்பாக்காரர்கள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் படும் பாட்டுக்கு அதுதான் காரணம் என்று அவர் நம்பினார். நானும் ஏறக்குறைய நம்பினேன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. தெருவுக்கு அவர் ஐரோப்பா பாய். பாலக்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் வந்து சேர்ந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். வாழ்நாளில் அவர் தாண்டிய ஒரே எல்லை வாளையார் செக்போஸ்ட். ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போனவர், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மறுநாளே திரும்பிவிட்டார்.

விசாவுக்குப் படம் எடுப்பதுதான் தொழில். நர்ஸுகளும் படிக்கப் போகிற பிள்ளைகளும் எர்ணாகுளத்திலிருந்துகூடப் படகேறி வருவார்கள்.

"எங்கே மோளே?"

"அயர்லாந்து, பாய்."

"இந்த வாரம் அங்கே காத்து சரியில்லே. ஒரு மாசம் கழிச்சு வா."

"நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் பாய்!"

"பின்னே உட்காரு. சிரிக்காதே. சிரிச்சா, எங்க வேலையைப் பிடுங்க வந்திருக்கான்னு சொல்வாங்க. முறைக்கவும் செய்யாதே. முறைச்சா குண்டு வைக்க வந்தவன்னு சொல்வாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூஞ்சி வை."

அந்த நடுமூஞ்சியோடு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஐரோப்பா முழுக்க இன்று பரவிக் கிடக்கிறார்கள்.

ஸ்டுடியோ வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். வானிலை அறிக்கை மாதிரி தினமும் சாக்பீஸால் எழுதுவார்: "இன்று: இத்தாலி மூடாப்பு. ஹாலந்து பரவாயில்லை. பிரான்ஸ் போகிறவர்கள் பார்த்துப் போகவும்." அங்கே எங்காவது ஓட்டு எண்ணுகிற நாளில் பாய் சோறு தொடமாட்டார். வெளியிலிருந்து வந்தவர்களையெல்லாம் விரட்டுவோம் என்று சொன்ன கட்சி ஜெயித்துவிட்டால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மீன்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டுத் துக்கக் குரலில் விசாரித்தாள்:

"யாரு பாய் மௌத்து?"

"ஆஸ்திரியா."

"வயசு எவ்வளவு இருக்கும்?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இவ்வளவுக்கும் காரணம் அவருடைய ஒரே மகள் சபீனா. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸ். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வேலை செய்கிறவள். ஒரு நோயாளியின் மகன், "முக்காடு போட்டவள் என் அம்மாவைத் தொடக் கூடாது" என்று சண்டை போட்டதையும், அந்த அம்மா தன் மகனை வெளியே போகச் சொன்னதையும் பாய் என்னிடம் நாற்பது தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கிழவிக்கு வயது கூடிக்கொண்டே போகும். கடைசியாகக் கேட்டபோது நூற்றிரண்டு.

அந்த ஊரில் இருந்த முஸ்லிம்கள் ஒரு பழைய தச்சுப்பட்டறையை வாங்கி, தொழுமிடமாக மாற்ற அனுமதி கேட்டார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்து மனு கொடுத்தார்கள். செய்தி வந்த அன்றே பாய் என் வீட்டுப் படியேறினார். நான் பேங்கில் ஆங்கிலக் கடிதம் எழுதியே ரிட்டயர் ஆனவன்.

"சாமி, அந்த ஊர் மேயருக்கு ஒரு லெட்டர் எழுதணும்."

"மேயருக்கா? நாம யாரு பாய் அவருக்கு?"

"அவர் ஊர்க் கிழவிக்கு மூத்திரத் துணி மாத்துறவளோட அத்தா. அது போதாதா?"

எழுதினேன். மனசார எழுதினேன். எங்கள் தெருவில் கோயில் மணியும் பாங்கும் யூதர்களின் பழைய ஜெபாலயமும் கூப்பிடு தூரத்தில் இருப்பதை, கடலேறி வந்தவர்களும் மலையிறங்கி வந்தவர்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்ததை, இங்கே வந்தேறி அல்லாதவர் எவருமில்லை என்பதை. நானே கண்கலங்கினேன். இரண்டு மாதம் கழித்து மேயரிடமிருந்து பதில் வந்தது. தங்கள் கடிதம் நகர மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படும், நன்றி, மூன்றே வரி. பாய் அதை லேமினேட் செய்து, காபா படத்துக்குக் கீழே, கடை லைசென்ஸுக்கு மேலே மாட்டினார். படம் எடுக்க வந்தவர்களெல்லாம் முதலில் அதை வாசிக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று.

பிறகுதான் எங்கள் தெருவுக்கு அஸ்ஸாம்காரர்கள் வந்தார்கள்.

மீன் கம்பெனியில் இறால் உரிக்கவும், கட்டிட வேலைக்கும் வந்தவர்கள். நாற்பது பேர் இருக்கலாம். பள்ளிவாசலில் நடக்கும் மலையாளப் பிரசங்கம் அவர்களுக்குப் புரியவில்லை. அவர்களுக்குள்ளேயே ஓதத் தெரிந்த ஒருவர் இருந்தார். பூட்டிக் கிடந்த ஒரு இஞ்சி கோடவுனில் வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் தொழுதுகொள்கிறோம் என்று கேட்டார்கள். கோடவுன்காரர் சரி என்றார். தெரு சரி என்று சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவரைக் கேப்டன் என்போம். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். "இன்னிக்குத் தொழுவாங்க, நாளைக்குக் குடும்பத்தோட வந்து இருப்பாங்க" என்றார். பள்ளிவாசல் கமிட்டிக்காரர் ஒருவரும் தலையாட்டினார்: "எதுக்கு தனியா? நம்ம பள்ளிக்கே வரட்டும். பின் வரிசையில நின்னுக்கட்டும்." மதத்துக்கு மதம் முட்டிக்கொள்ளும் என்று ஊரே பயந்துகொண்டிருக்க, எங்கள் தெருவில் எல்லா மதமும் தோளோடு தோள் நின்று, தொழுகையைத் தடுக்கச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு மனு தயாரித்தது. இப்படியொரு மத நல்லிணக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மனுவை எழுதியது நான். சங்கத்தின் செயலாளர் நான்தான். எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றுமில்லை. எழுதச் சொன்னார்கள், நன்றாக எழுத வந்தது, எழுதினேன். இதைவிட நல்ல காரணம் ஒன்றை இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசகசாலை மாடியில் கூட்டம். பாய் கையில் இரண்டு தாளோடு வந்தார். ஒன்று எங்கள் மனு. இன்னொன்று சபீனா மொழிபெயர்த்து அனுப்பிய ஜெர்மன்காரர்களின் மனு.

"ஒரு சின்னப் போட்டி வைக்கறேன். நான் வாசிக்கறேன். ஜெர்மனியா, மட்டாஞ்சேரியான்னு நீங்க சொல்லணும். கேப்டன் தொடங்கட்டும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'இவர்களது வருகையால் எங்கள் பெண்கள் மாலையில் வெளியே செல்ல அஞ்சுகிறார்கள்.'"

"நம்ம மனு!" என்றார் கேப்டன்.

"ஜெர்மனி. அடுத்தது. 'காலங்காலமாக அமைதிக்குப் பேர்போன எங்கள் பகுதியின் பண்பாடு சிதைந்துவிடும்.'"

"அது ஜெர்மனி."

"மட்டாஞ்சேரி. சாமி எழுதினது, நல்லா இருக்கு. 'வாகனங்கள் நிறுத்த இடமின்றி நெரிசல் உண்டாகும்.'"

கேப்டன் உஷாராகிவிட்டார். தெருவை ஒருமுறை மனசுக்குள் பார்த்தார். எங்கள் தெருவில் ஆட்டோ நுழைந்தாலே எதிரில் வரும் ஆடு பின்வாங்க வேண்டும். வந்தவர்களில் ஒருவனிடமும் சைக்கிள்கூடக் கிடையாது. "ஜெர்மனி! கண்டிப்பா ஜெர்மனி!"

"ரெண்டுலயும் இருக்கு கேப்டன்."

கூடம் அதிர்ந்தது. கேப்டனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கமிட்டிக்காரருக்குப் புரையேறி யாரோ தலையில் தட்டினார்கள். நானும் சிரித்தேன். பாய் மட்டும் சிரிக்கவில்லை. நாங்கள் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்று, பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மேயருக்கு எழுதின அதே கை."

பிறகு மனுவை அனுப்புவதா என்று வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்தவர் ஒருவர். மற்ற எல்லாக் கைகளும் உயர்ந்தன. சிரித்த வாய்களுக்கும் உயர்ந்த கைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. என் கை எப்படி உயர்ந்தது என்று கேட்டால், பக்கத்திலிருந்த கைகளோடு சேர்ந்து உயர்ந்தது.

கோடவுன் பூட்டப்பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டுடியோவிலிருந்த நாற்காலியும் குடைவிளக்கும் வெளியே வந்தன. படம் எடுக்கத் தொங்கவிடும் வெள்ளைத் துணியைக் கழற்றித் தரையில் விரித்தார் பாய். ஏழு ஏழு பேராக உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்தார்கள். மற்றவர்கள் வெயிலில் சுவரோரம் வரிசையாக, ஒரு சத்தமும் இல்லாமல் நின்றார்கள். பெண்கள் வழக்கம்போல நடந்து போனார்கள். பண்பாடு இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வாரமே ஜெர்மனியில் நகர மன்றம் கூடி, சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தச்சுப்பட்டறைக்கு அனுமதி கொடுத்துவிட்டது. மறுநாள் காலை கரும்பலகையைப் படித்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

"இன்று: ஜெர்மனி பரவாயில்லை. மட்டாஞ்சேரி மோசம்."

மூன்று வெள்ளிக்கிழமைதான் ஓடியது. ஸ்டுடியோ கட்டிடத்தின் சொந்தக்காரர் பாய்க்கு ஒன்றுவிட்ட மச்சான். பின் வரிசையில் நிற்கட்டும் என்று சொன்ன அதே கமிட்டிக்காரர். காலி செய்யச் சொன்னார். பாய் வாதாடவில்லை. கொஞ்சம் தள்ளி சுள்ளிக்கல்லில், அஸ்ஸாம்காரர்கள் அதற்குள் இடம்பெயர்ந்திருந்த லைன் வீடுகளுக்குப் பக்கத்தில், ஒரு ஒற்றை அறையைப் பிடித்தார். சாமான் ஏற்ற அவர்களே வந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷப் பழக்கத்தில் அவருக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, சுள்ளிக்கல்லுக்கு ஆட்டோ பிடித்தேன். பாய் ஒரு அஸ்ஸாம்காரனுக்கு ஆதார் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். அவன் தன் வீட்டு வங்காளியில் சொல்ல, இவர் மலையாளத்தில் திட்ட, பாரம் ஆங்கிலத்தில் நிரம்பிக்கொண்டிருந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பாரத்தை எழுதி முடித்தார்.

"பாய், நான் செயலாளர் பதவியை விட்டுட்டேன்" என்றேன்.

"எப்போ?"

"போன மாசம்."

"கோடவுன் திறந்தாங்களா?"

"இல்லை."

"பின்னே விட்டா என்ன, விடாட்டி என்ன?"

தெருவில் ஒரு பஸ் போய் முடிந்தது. நான் கேட்க வந்ததைக் கேட்டேவிட்டேன்.

"என்னை மன்னிச்சேளா பாய்?"

"இல்லே." பேனாவை மூடினார். "சாயா குடிப்பீங்கல்ல?"

குடித்தேன். அன்று முதல் வியாழக்கிழமை தோறும் போகிறேன். இரண்டு மணிநேரம் ஐரோப்பாவையும் என்னையும் மாறிமாறித் திட்டுகிறார். இன்னும் மன்னிக்கவில்லை. அவசரமில்லை, அவர் மன்னிக்கிறவரை போய்க்கொண்டிருக்க எனக்கு ஆயுசு இருந்தால் போதும்.