மாதவின் பணிவுப் பதிவேடு

மருத்துவ உலகம் இதுவரை கண்டுபிடித்த மருந்துகளிலேயே தலைசிறந்தது பணிவு. பக்கவிளைவு கிடையாது, காலாவதித் தேதி கிடையாது, குடித்துவிட்டு வாய் கொப்பளிக்கவும் வேண்டாம். இத்தனை காலம் அதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது: அதற்கு மதிப்பெண் கிடையாது. மும்பையில் செம்பூர்ப் பக்கம் இருக்கும் ஒரு மருத்துவக் கல்லூரி போன வருஷம் அந்தக் குறையையும் தீர்த்துவைத்தது. பெயரைச் சொன்னால் அதன் பணிவுக்குப் பங்கம் வந்துவிடும்.

ஏழு கூட்டங்களும் அறுபத்திரண்டு தட்டு இட்லியும் ஆன பிறகு 'பணிவு மேம்பாட்டுக் குழு' உருவானது. தலைவர் பேராசிரியர் பிரேமலதா. தொடக்க விழாவுக்கு இரண்டு நிமிஷம் தாமதமாக வந்த ஒரு மாணவனைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு, பணிவின் மேன்மை பற்றி அவர் ஒரு மணி நேரம் உருகினார்.

ஒவ்வொரு மாணவருக்கும் நீல அட்டை போட்ட பணிவுப் பதிவேடு வழங்கப்பட்டது. நோயாளிக்கு வணக்கம் சொன்னால் இரண்டு புள்ளி. தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் ஐந்து. காலைத் தொட்டு வணங்கினால் இருபது; புகைப்படம் கட்டாயம். 'ஆதாரமற்ற பணிவு ஆணவமாகவே கருதப்படும்' என்றது சுற்றறிக்கை. முதலிடம் பிடிப்பவருக்குத் தங்கப் பதக்கம், கூடவே மேல்படிப்புக்கு டீன் கையெழுத்திட்ட சிபாரிசுக் கடிதம்.

மாட்டுங்கா மாதவுக்கு அந்தக் கடிதம் வேண்டும். உழைப்பாளிப் பையன். எலும்புகளின் பெயரை எப்படி உருப்போட்டானோ அப்படியே பணிவையும் உருப்போட்டான். தினமும் கண்ணாடி முன் நின்று, கழுத்தை முப்பது டிகிரி சாய்த்துப் பழகினான். பதிவேட்டின் முதல் பக்கத்தில் 'ஊக்கம்' என்ற தலைப்பில் ஒரு கேள்வி: ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்? மாதவ் பதினோரு பக்கம் எழுதினான். 'ஏழைகளின் கண்ணீர்' மட்டும் பத்தொன்பது இடங்களில் வடிந்தது. அவனுடைய வகுப்பில் படிக்கும் தாராவிப் பெண் மாரீஸ்வரி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: 'எங்கள் சந்தில் யாருக்கு என்ன வந்தாலும் மருந்துக்கடைக்காரர்தான் டாக்டர்.' இவளுக்கு ஊக்கம் போதாது என்று குழு வருந்தி, பத்துக்கு இரண்டு போட்டது.

காலைத் தொட்டால் கிடைக்கும் இருபது புள்ளி மட்டும்தான் மாதவுக்குப் பாக்கி. ஒரு செவ்வாய்க்கிழமை, புறநோயாளிகள் வரிசையில் பொருத்தமான கால்களைத் தேடிப் போனான். நாற்பத்தொன்றாம் நம்பர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார் சொரிமுத்து. தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை. நரைத்த மீசை, கசங்கிய சட்டை. படத்துக்கு எடுப்பாக இருப்பார் என்று மாதவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பெரியவரே, கொஞ்சம் இப்படி வாங்கோ."

டாக்டரே எழுந்து வந்து கூப்பிடுகிறார்! சொரிமுத்து நெகிழ்ந்துபோனார். ஜன்னல் வெளிச்சத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வலது காலை நீட்டினார்.

"தம்பி, இந்தக் காலுதான்..."

"ரெண்டையும் சேத்து வெச்சுக்கோங்கோ. அப்பத்தான் நன்னா வரும்."

"ஒரு மாசமா மரத்துக் கெடக்கு. தோல் ஊசி குத்துனாக்கூடத் தெரிய மாட்டேங்கு. வலியே இல்ல தம்பி. அதான் பயமா இருக்கு."

"இதுல பயப்பட என்ன இருக்கு? ஃபோட்டோதானே."

மகன் மாதவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த ருக்கு மாமிதான் அன்றைய புகைப்படக் கலைஞர். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இயக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் குனிடா. பணிவு பத்தலை. அதுக்காக ஒரேயடியாக் குனியாதே, மூஞ்சி தெரிய வேண்டாமா? என்னைப் பாரு... என்னையே பாரு!"

மருத்துவக் கல்வியிலேயே கடினமான ஆசனம் இதுதான்: கை நோயாளியின் காலில் இருக்க வேண்டும், கண் கேமராவில் இருக்க வேண்டும். முதல் படத்தில் மாதவ் கண்ணை மூடிவிட்டான். நாலாவதில் டிபன் கேரியர் குறுக்கே வந்தது. பதினேழாவது படத்தில்தான் பணிவு சரியாக விழுந்தது. 'இந்த மருத்துவர் என்னிடம் பணிவுடன் நடந்துகொண்டார்' என்ற படிவத்தில் சொரிமுத்துவின் பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டு மாதவ் சாப்பிடப் போனான்.

சொரிமுத்து வரிசைக்குத் திரும்பியபோது நாற்பத்தொன்று போய்விட்டிருந்தது. கவுன்ட்டரையும் மூடியிருந்தார்கள். "கல் ஆனா" என்று இந்தியில் நாளைக்கு வரச் சொன்னார் பியூன். நாளைக்கு அவருக்கு வேலை இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. வலியில்லாத காலுக்காக எத்தனை நாள்தான் லீவு போடுவது?

அன்று மாலை மாதவ் பதிவேட்டில் எழுதினான்: 'எனக்கு வலியே இல்லை என்றார் அந்தத் தொழிலாளி. ஆகா, ஏழைகளின் சகிப்புத்தன்மைதான் என்னே!' குழு கண்கலங்கிக் கூடுதலாக ஐந்து புள்ளி தந்தது.

மூன்று வாரம் கழித்து, அந்தப் படம் பத்தடி உயர பேனராகக் கல்லூரி அரங்கில் ஏறியது. எல்லாரும் மாதவின் முகத்தைப் பார்த்தார்கள். மாரீஸ்வரி மட்டும் அவன் கைக்குக் கீழே பார்த்தாள்.

"ஏய் மாதவ், இவரு கட்டை விரல் கருத்துப்போயிருக்கு, பாத்தியா?"

"பிரின்ட்ல இங்க் ஜாஸ்தியாயிடுத்து."

"அரே, இங்க் இல்லடா! யாரு இவரு? எங்க இருக்காரு?"

படிவத்திலிருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள். பட்டறையில் சொரிமுத்து தைத்துக்கொண்டிருந்தார். டாக்ஸியில் போட்டுக் கொண்டுவந்தாள். வரிசையில் வரட்டும் என்றார் பணியிலிருந்த மூத்த டாக்டர். அவள் போட்ட சத்தம் இரண்டு மாடிக்குக் கேட்டது. சர்க்கரை ஏறிக் கிடந்தது. கருப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. முழங்காலைக் காப்பாற்ற முடிந்தது, அவ்வளவுதான். சீனியரிடம் குரல் உயர்த்தியதற்காக மாரீஸ்வரியின் பதிவேட்டில் சிவப்பு மையில் விழுந்தது: 'பணிவு: பூஜ்யம். மறுபயிற்சி தேவை.'

இரண்டு மாதம் கழித்து விழா. பதக்கத்தைப் பயனாளியின் கையாலேயே கொடுக்க வேண்டும் என்பது பிரேமலதா அம்மையாரின் உன்னத யோசனை. பயனாளிக்குக் கார் போயிற்று. ஆனால் அவரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. தரையைத் தொடும் வெள்ளை வேட்டியில், அக்குளில் கட்டையோடு மேடையேறினார் சொரிமுத்து. வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டான் மாதவ்.

"பெரியவர் மாணவரை ஆசீர்வதித்து இரண்டு வார்த்தை பேசுவார்" என்று பிரேமலதா மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்!" புகைப்படக்காரர் குறுக்கிட்டார். "சார், பேனர்ல இருக்கிற மாதிரியே ஒருவாட்டி!"

மாதவ் குனிந்தான். கழுத்து முப்பது டிகிரி, முகம் கேமராவுக்கு. வலது கையில் ஒரு பாதம் அகப்பட்டது. இடது கை வேட்டி மடிப்புக்குள் துழாவியது, தரையைத் தொட்டது, மறுபடி துழாவியது. கைதட்டல் மெல்ல ஓய்ந்தது. பயிற்சிக் காலத்தில் முதல் தடவையாக மாதவ் கேமராவை விட்டுவிட்டுக் கீழே பார்த்தான்.

சொரிமுத்துவின் குரலில் கோபமே இல்லை. வழி தெரியாதவருக்கு வழி சொல்வது போல, பின்னால் தொங்கிய பேனரைக் காட்டி மைக்கில் சொன்னார்:

"அங்கன தேடாதீய தம்பி. அந்தக் காலு ஒங்க படத்துலல்லா இருக்கு."