அறிஞருக்குக் கண்ணாடி

பேரறிஞரின் இடது கண்ணுக்குள் நூலகரின் கட்டைவிரல் நுழைந்திருந்தது.

படத்தைத் துடைக்க ஏறிய ஏணி வழுக்கியதில் கைக்கு அகப்பட்டவர் அறிஞர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு எண்ணெய் ஓவியம். அறிஞர் எழுதிய ஒரு வரியைக்கூட ஊரில் யாரும் படித்ததில்லை. ஆனால், அந்தத் தாடியிலேயே ஞானம் வழிகிறது என்று முழங்காத மேடையும் இல்லை. நூலகக் குழுத் தலைவர் அவரைப் பற்றித் தலையணை தடிமனில் புத்தகம் எழுதியிருந்தார். அதே தலைவர்தான் இன்று மதியம் நேரில் வந்து, நூலகரின் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்.

நூலகர் விரலை உருவினார். படத்தின் பின்பக்கம் ஒட்டுநாடாவை வைத்து அழுத்தினார். முன்னால் வந்து பார்த்தால், கண் பிதுங்கி அறிஞர் யாரையோ முறைத்தார்.

கடைப் பலகை எழுதும் மைத்துனனுக்குப் போன் பறந்தது.

"இதெல்லாம் ஒரு வேலையா மாமா? கண் ஆஸ்பத்திரி போர்டே நான்தான் வரைஞ்சேன்."

வரைந்து முடித்ததும் அது தெரிந்தது. இமைமயிரெல்லாம் சுருண்டு, கண் பளபளத்தது.

"டேய், ஒரு கண்ணு மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்குடா."

"அப்ப இன்னொன்னையும் கிளப்பிடுவோம்."

கிளப்பினான். இப்போது அறிஞர் எதையோ பார்த்து வாயடைத்துப்போனவர் போல இருந்தார். வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

"மறைடா, எதையாவது வச்சு மறை!"

மைத்துனன் தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, தடித்த சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டான். "படிச்ச மனுசன்னா கண்ணாடி வேணும் மாமா. இத்தனை நாள் இல்லாததுதான் குறை" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவினான்.

தலைவர் மனைவியோடு உள்ளே வந்தார். படத்தின் முன் நின்றார். ஈரப் பெயிண்ட் வாடை மூக்கைத் துளைத்தது.

"இந்தக் கண்ணாடி..." என்றார் தலைவர்.

"ஐயா, அது வந்து..."

"என் புத்தகத்தோட அடுத்த பதிப்புல இதுக்குத் தனி அத்தியாயம் போடப்போறேன். என்ன தீர்க்கமான பார்வை!"

மேசைக்குப் போய், நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டு நூலகரிடம் நீட்டினார். சோப்பு எங்கே என்று கேட்டுக் கைகழுவப் போனார்.

நூலகர் நாற்காலியில் சரிந்தார். "எத்தனையோ வருஷமா பாக்குற படம்... ஐயாவுக்கு வித்தியாசமே தெரியலியே" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

தலைவரின் மனைவி கைப்பையிலிருந்து விசிறியை எடுத்து நிதானமாக வீசிக்கொண்டார்.

"அவருக்குத் தெரியாம என்ன தம்பி? இதே நாற்காலியில இருந்தப்ப, அந்தத் தாடியை வரைஞ்சுதான் அவரும் நிரந்தரமானாரு. அதுக்கு முன்னாடி அது ஒரு பொம்பளை படம்."