சண்டிலிப்பாயில் நான் நடத்திய செத்தவீடு

எங்கள் கல்லூரி ஆண்டு மலரில் ‘ஈழத்தில் பதினோரு நாட்கள்’ என்று நான் எழுதிய பயணக் கட்டுரையைப் படித்தவர்கள் இன்றும் பாராட்டுகிறார்கள். (படித்தவர்கள் என்றால் என் அம்மா.) அதில் யாழ்ப்பாணத்து விருந்தோம்பல் இருக்கிறது, புட்டு இருக்கிறது, பனைமரம் நாலு இடத்தில் வருகிறது. எழுதிய எதுவும் பொய்யில்லை. தங்கப் போன வீட்டில் காலடி வைத்த இரண்டு மணி நேரத்துக்குள், உயிரோடு இருந்த ஒரு பிள்ளைக்கு ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கச் செய்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். திருச்சியில் படித்துக்கொண்டிருந்தேன். கலாசாரப் பரிமாற்றம் என்று எங்களில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். ஆளுக்கொரு வீடு, அங்கே படிக்கும் பெண் ஒருத்தியின் குடும்பத்தோடு தங்க வேண்டும். மற்றவர்கள் ஆடுவார்கள், பாடுவார்கள். நான் பேசுவேன். மாவட்டப் பேச்சுப் போட்டியில் ‘நிலையாமை’ என்ற தலைப்பில் வெள்ளிக் கோப்பை வாங்கியவள் நான். அதற்குப் பிறகு யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், எனக்கு நாக்கு அரிக்கத் தொடங்கிவிடும்.

இராமேஸ்வரத்தில் கப்பல் ஏறியதும் எங்களை அழைத்துப் போன ஆசிரியை இரண்டு விஷயம் சொன்னார். அங்கேயும் தமிழ்தான், அதனால் மொழிச் சிக்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது ஒன்று. கீரிமலை என்றொரு கடற்கரைத் தீர்த்தம் உண்டு, இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய அங்கேதான் போவார்கள் என்பது மற்றது. இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். குறிக்காமல் தூங்கியிருக்கலாம்.

எனக்குக் கிடைத்த வீடு சண்டிலிப்பாயில். மனோ என்ற பெண் என் வயதுக்காரி. அவள் அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம். அம்மா மெலிந்து, கண்ணைச் சுற்றிக் கறுத்து இருந்தார். படலையைத் திறந்து என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளியை இவ்வளவு ஆசையாகப் பார்க்கும் ஊரா என்று நெகிழ்ந்துபோனேன்.

ஆனால் வீடு சரியாக இல்லை. யாரும் சத்தமாகப் பேசவில்லை. அப்பாவுக்கு நெஞ்சு வரை தாடி. அம்மா என்னோடு சாப்பிட உட்காரவில்லை, ஒருநேரச் சாப்பாடுதான் என்று மனோ சொன்னாள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு இளைஞனின் புகைப்படம். அரும்பு மீசை, பெரிய கண்கள், சட்டத்தின் மேல் அன்று பறித்த செவ்வரத்தம்பூ. என் அண்ணை, யோகன் என்றாள் மனோ. அதற்கு மேல் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை எங்கே போகலாம் என்று பேச்சை மாற்றினேன். கீரிமலைக்குப் போறம், நீங்களும் வாங்கோ என்றாள்.

தாடி, விரதம், பூ வைத்த படம், கீரிமலை. கணக்கில் எப்போதும் முப்பதைத் தாண்டாத நான் அன்று மளமளவென்று கூட்டிவிட்டேன். அண்ணன் இறந்து ஒரு மாதம் ஆகிறது; இந்தத் துக்கத்திலும் வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று என்னை வீட்டில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். என்ன மனிதர்கள்! யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துக்க வீட்டில் கேள்வி கேட்பது பண்பாடில்லை என்று இருந்துவிட்டேன். (பண்பாட்டைப் பரிமாறத்தானே போயிருந்தோம்!)

நடந்தது வேறு. யோகன் படிக்க இந்தியாவுக்குப் போய் இரண்டு வருஷம். முதல் வருஷப் பரீட்சையில் தவறியதும் அப்பா, பாஸ் பண்ணாமல் என் முற்றம் மிதிக்காதே என்று எழுதிப் போட்டிருக்கிறார். அதோடு அவனிடமிருந்து கடிதம் நின்றுபோய் எட்டு மாதம். இருக்கிறானா, என்ன ஆனான் என்று தெரியாமல் அம்மா விரதம் பிடித்துக்கொண்டிருந்தார். சாமிக்கு வைக்கும் பூவில் ஒன்றை மகன் படத்துக்கும் வைத்தார், அவனையும் பார்த்துக்கொள் என்று. இந்தியாவிலிருந்து மாணவிகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒருத்தி எங்கள் வீட்டுக்குத்தான் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கியதும் அவரே. அவருக்கு இந்தியா என்றால் மெட்ராஸ். மெட்ராஸ் என்றால் சுன்னாகம் சந்தை மாதிரி ஓர் இடம், எல்லோரும் எல்லோருக்கும் எதிர்ப்படுவார்கள். நான் மெட்ராஸையே இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது காரியம் கைமீறிவிட்டிருந்தது.

நாலு மணி இருக்கும். அப்பா தோட்டத்தில். மனோ பக்கத்து வீட்டில் எனக்குத் தலையணை இரவல் வாங்கப் போயிருந்தாள். அம்மா குசினியில் எனக்குத் தேநீரும் ஒரு துண்டு பனங்கட்டியும் தந்தார். எதிரே குந்தினார்.

“களைச்சுப் போனியள் பிள்ளை. முதல்லை தேத்தண்ணியைக் குடியுங்கோ. பேந்து ஆறுதலாச் சொல்லுங்கோ.”

அந்த ஊரில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல், மெதுவாக என்று அர்த்தம். ஆறுதலாகச் சாப்பிடலாம், ஆறுதலாக நடக்கலாம். மகனைப் பற்றி என்னிடம் ஏதோ செய்தி இருக்கிறது, களைப்பாறிச் சொல்லட்டும் என்று நினைத்திருக்கிறார் அந்தத் தாய். எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் ஒன்றே ஒன்றுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்னிடம் வாய்விட்டு ஆறுதல் கேட்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். தேநீரைக் கீழே வைத்தேன். வெள்ளிக் கோப்பை வாங்கிய வாயைத் திறந்தேன்.

“போனவர் திரும்பி வர மாட்டாரும்மா. நீங்கதான் மனசைத் தேத்திக்கணும்.”

அம்மாவின் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. நான் நிறுத்தியிருக்க வேண்டும். பிறந்தவர் எல்லோரும் போகத்தான் வேண்டும், அவர் கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று போட்டியில் பேசிய வரிசையிலேயே ஏற்ற இறக்கத்தோடு போனேன். மூன்றாவது நிமிடத்தில் அவர் மெல்லக் கேட்டார்.

“எப்ப, பிள்ளை?”

அதைக் கேள்வியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் வரும் பிதற்றல் என்று நினைத்தேன். எல்லாம் எனக்குத் தெரியும் அம்மா, இனி நான்தான் உங்கள் பிள்ளை என்று அவர் கையைப் பிடித்தேன்.

அவர் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. வேலியில் ஆள் நுழையும் பொட்டு வழியாக முதலில் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு பத்துப் பேர். இந்தியாவிலிருந்து வந்த பிள்ளை செய்தி கொண்டு வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்ல, யாரோ மாரில் அடித்துக்கொள்ள, பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணப் பட்டணத்தை ஒட்டிக் கொழும்புத்துறையில் இருக்கும் சின்னம்மாவுக்குச் சொல்ல ஒருவர் சைக்கிளில் பறந்தார். அப்பா தோட்டத்திலிருந்து ஓடி வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் வட்டத்துக்குள் புகுந்து நன்றாக அழுதேன். என் பேச்சு மனதில் அடைந்து கிடந்த துக்கத்தைக் கரைத்துவிட்டது என்று ஓரத்தில் ஒரு திருப்தியும் இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என் மேல் அருவருப்பு வருகிறது.

தலையணையோடு மனோ ஓடி வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

“உங்களுக்கு எங்கடை அண்ணையை எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியாதே. நீங்கதானே படத்தைக் காட்டினீங்க.”

“பிறகு ஆர் சொன்னது செத்துப்போனார் எண்டு?”

“பூ வெச்சிருக்கே,” என்றேன்.

ஒப்பாரி ஒவ்வொரு குரலாக நின்றது. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அதற்கு முன் மேடையில்தான், அங்கே கைதட்டினார்கள். ஒருவர் ‘விசர்ப் பெட்டை’ என்றார். அர்த்தம் தெரியாவிட்டாலும் விளங்கியது. அடி விழும் என்றே எதிர்பார்த்தேன், விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா கலைந்த தலையோடு எழுந்து என் கிட்டே வந்தார். திட்டவில்லை.

“அப்ப நீங்கள் என்ரை பிள்ளையைக் காணவே இல்லையோ?”

இல்லை என்று தலையாட்டினேன். அவன் சாகவில்லை என்று அவர் சந்தோஷப்பட வேண்டிய நிமிஷம் அது. அவரோ அப்போதுதான் உண்மையாக உடைந்துபோனார். எட்டு மாதம் காத்திருந்து வரவழைத்த ஒரே ஆள் நான். எனக்கு ஒன்றும் தெரியாது.

விளக்கு வைக்கும் நேரத்தில் சின்னம்மா வாடகைக் காரில் வந்து இறங்கி, படலையிலிருந்தே மண்ணில் புரண்டு வந்தார். அவருக்கு விஷயத்தை விளக்கித் தேநீர் கொடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. போகும்போது, ஆளிருக்கச் செத்தவீடு கொண்டாடினால் ஆயுள் கூடும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார்.

மீதி நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். வேறு வீடு மாற்றித் தருவதாக ஆசிரியை சொன்னார். அம்மா விடவில்லை. நாள் தவறாமல் எனக்குப் புட்டு அவித்துத் தந்தார், நான் அதை விழுங்க முடியாமல் விழுங்கினேன். கீரிமலையில் அவர் நகுலேஸ்வரர் சந்நிதியில் வெகுநேரம், அந்த ஊர்ப் பேச்சில் கனநேரம், கண்ணை மூடி நின்றபோது பின்னால் நின்றேன், எனக்கு எதுவும் கேட்க வாய் வரவில்லை. அப்பா என்னோடு பேசிய ஒரே பேச்சு தாடியைப் பற்றி. நேர்த்தியும் இல்லை ஒன்றும் இல்லை, நல்ல பிளேட் இந்த நாட்டில் கிடைப்பதில்லை, அதுதான் வழிக்கவில்லை என்றார். நான் கேட்கவே இல்லை.

புறப்படும் நாளில் அம்மா என்னிடம் ஒரு பழைய கடித உறையைக் கொடுத்தார். அனுப்பியவர் முகவரி திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜ். ஊர் திரும்பிய வாரமே என் அண்ணனை இழுத்துக்கொண்டு மெட்ராஸுக்கு ரயிலேறினேன். லாட்ஜில் இல்லை. அங்கே விசாரித்து, இன்னோரிடத்தில் விசாரித்து, மூன்றாம் நாள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தோம். படத்திலிருந்ததைவிடப் பாதி உடம்பு. பரீட்சையில் இரண்டாம் தடவையும் தவறிவிட்டதாம். எந்த முகத்தோடு எழுதுவது என்றார்.

உங்களுக்குச் செத்தவீடு நடந்தது, நான்தான் நடத்தினேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழுததைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். சின்னம்மா புரண்டதற்குச் சிரித்தே விட்டார். பிறகு, அப்பா என்ன செய்தார் என்று கேட்டார். அழுதார் என்றேன். கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அடுத்த வாரம் கப்பல் ஏறிவிட்டார்.

அப்பாவும் மகனும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. வந்தவனைப் பார்த்து, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆள் காணாது என்று மட்டும் சொன்னாராம். மனோ எழுதியிருந்தாள். யோகன் அந்தத் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். அந்த வீட்டில் என் பெயர் ‘செத்தவீட்டுக்காரி’ ஆகிவிட்டது. யாராவது கடிதம் போடப் பிந்தினால், அவளைக் கூப்பிடட்டோ என்று கேட்டுச் சிரிப்பார்களாம். அன்று அழுதீர்களாமே என்று கேட்டால் மட்டும் அப்பா எழுந்து போய்விடுவாராம். நான் ஏன் அழுகிறன், உவளுக்கு விசர் என்பாராம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் யோகன் மனைவியோடு கோயில் பார்க்க வந்தவர் திருச்சியில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அவர் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் என் கணவர் அந்தக் கதையைக் கேட்க, நான் சொல்ல, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பஸ் ஏற்றிவிடப் போனபோது அவர் மனைவி முன்னால் நடந்தார். யோகன் பின்தங்கி என்னோடு வந்தார்.

“அப்பா அண்டைக்கு உண்மையிலை அழுதவரோ?”

நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். படியில் உட்கார்ந்தவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எடுத்தபோது முகம் நனைந்திருந்தது. வெயிலில் கொத்திக்கொண்டிருந்த மனிதர், அரை மைல் ஓடி வந்திருக்கிறார். யார் முகம்தான் நனைந்திருக்காது? அழுதாரா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

“ஓம்,” என்றேன்.

“எவ்வளவு நேரம்?”

“கனநேரம்.”

அவர்கள் தமிழில் நான் பிழையில்லாமல் பேசியது அந்த இரண்டு சொல்தான்.