மூன்று மடிக்கதிரையும் ஒரு தெரிவுக்குழுவும்

கார்ட்டியர்வில், மொன்றியல்
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்

மரியாதைக்குரிய அத்தான் வீரபத்திரன் அவர்களுக்கு,

மைத்துனன் அரியரத்தினம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாலாம்பிகையும் கடவுள் கிருபையால் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதன் காரணம் கீழே வரும். அங்கே ஸ்காபரோவில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை, அக்கா விடியக் காலையில் அனுப்பும் பூப்படங்களிலிருந்து நாள்தோறும் அறிந்துகொள்கிறோம். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தொலைபேசியில் நான் இரண்டாவது வசனத்துக்குப் போகுமுன் நீங்கள் சத்தம் போடத் தொடங்கிவிடுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பிரஷர் குளிசையைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

நீங்கள் கேட்டது ஒரேயொரு கேள்விதான். எங்கள் வீட்டில் நின்று பல்கலைக்கழகம் போகும் உங்கள் மகன் விதுர்சன், ஊர்ச்சங்கத்து உதைபந்தாட்ட அணியில் எடுபட்டானா இல்லையா? ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இரண்டு சொல்லுமே பொய்யாகப் போய்விடும் போலிருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் எப்படித் தெரிவுக்குழுவுக்குள் போனேன் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். உதைபந்தாட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பந்து உருண்டை என்பது மட்டும். புவாண்ட்-கிளேர் களஞ்சியசாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றபோது, கூட வேலைசெய்தவர்கள் எனக்கு மூன்று மடிக்கதிரைகளைப் பரிசாகத் தந்தார்கள். குவளை வைக்க ஓட்டையெல்லாம் உள்ள நல்ல கதிரைகள். சங்கத் தலைவர் அல்பேட் அண்ணை அவற்றைக் கண்ட நாளிலிருந்து என்னிடம் ஒரு மரியாதை காட்டத் தொடங்கினார். "தெரிவுக்குழு எண்டால் மூண்டு பேர் வேணும், அரியம். நீர் வந்தால் கதிரையும் வரும்," என்றார். மூன்றாவது ஆள் டெனிஸ்டன்; எங்கள் தெருமுனையில் பாலும் பாணும் விற்கிற டெப்பனர் கடை வைத்திருப்பவர், இந்த வருடம் ஜேர்சிகளை அன்பளிப்புச் செய்தவர். ஆகத் தலைமைக்கு ஒருவர், சட்டைக்கு ஒருவர், கதிரைக்கு ஒருவர். பந்துக்குத்தான் ஒருவரும் இல்லை. "ஆடத் தெரியாதவன் மேடை கோணல் எண்டானாம், நீங்கள் மேடையிலயே கதிரை போட்டிருக்கப் போறியள்," என்று பாலாம்பிகை தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றித் தந்துவிட்டாள்.

ஆட்டம் நேற்றுச் சனிக்கிழமை, வீட்டுக்குக் கிட்டவுள்ள பூங்கா மைதானத்தில். கோடைச் சுற்றுப்போட்டி தொடங்குமுன், லவாலிலிருந்து வந்த ஓர் அணியோடு சும்மா ஒரு பரீட்சை ஆட்டம். எங்கள் பக்கம் முப்பது பெடியன்கள் மாறிமாறி இறங்குவார்கள். அவர்களில் பதினாறு பேரைப் பொறுக்கவேண்டும். பெடியன்கள் இறங்கிய பிறகுதான் கண்டோம், டெனிஸ்டன் அடித்துவந்த ஜேர்சியில், முதுகில் இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில், தன் கடைத் தொலைபேசி இலக்கத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார். முப்பது பேருக்கும் ஒரே இலக்கம். "இலக்கம் போடச் சொன்னியள், போட்டன். எந்த இலக்கம் எண்டு சொன்னனீங்களே?" என்று அவர் எங்களையே ஏசினார். மத்தியஸ்தராக வந்த பிரெஞ்சுக்காரப் பிள்ளை, எங்கள் பெடியன் ஒருவனுக்கு மஞ்சள் அட்டை காட்டிவிட்டு, அவனைத் திருப்பி நிறுத்தி முதுகிலிருந்த பத்து இலக்கத்தையும் பொறுமையாக எழுதிக்கொண்டாள். பின்னேரம் அந்த இலக்கத்துக்கு அடித்து அவனைப் பற்றி முறைப்பாடு சொல்லப்போக, டெனிஸ்டனின் மனைவி றொசானா, "போன்ஜூர், பால் முடிஞ்சுது," என்று வைத்துவிட்டாவாம்.

இலக்கம் இல்லாவிட்டால் பெயர் இருக்கிறதே என்பீர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பெயர் யாருக்கு அத்தான் ஞாபகம்? எல்லாம் சன், சன் என்று முடிகிறது. எங்களுக்குத் தெரிந்தது இன்னாருடைய மகன் என்பதுதான். ஆகவே தகப்பன்மாரின் பெயரைச் சொல்லியே ஆராய்ந்தோம். ஆராய்ச்சி மெல்ல மெல்லப் பெடியனை விட்டுத் தகப்பனுக்குப் போய்விட்டது. தில்லையம்பலத்தாரின் மகன் பந்தை எவருக்கும் கொடுக்காமல் தானே வைத்திருந்தான். "தேப்பன் சீட்டுக்காசு வைச்சிருந்த மாதிரி," என்றார் அல்பேட் அண்ணை. கிருஷ்ணகுமாரின் மகன், பந்து எங்கே நின்றாலும் எதிரணிக் கோல்வாசலிலேயே நின்றான். ஓஃப்சைட் கொடி தூக்கித் தூக்கிக் கோட்டோரம் நின்றவருக்குக் கை வலித்தது. "தேப்பனும் அன்னதானத்தில உப்பிடித்தான். பூசை முடிய முந்தி அண்டாவுக்குப் பக்கத்தில நிப்பார்," என்றார் டெனிஸ்டன். இருவரையும் எடுத்தோம். தெரிந்த குணம் என்றால் ஒரு நம்பிக்கை.

தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த முகமது யாசின் என்ற பெடியன்தான் எங்களைத் திண்டாட வைத்தான். மூன்று கோல் அடித்தான். ஆனால் யாருடைய மகன் என்று தெரியவில்லை. அல்பேட் அண்ணை அவனைக் கூப்பிட்டு, "தம்பி, நீர் ஆற்ற மோன்?" என்று கேட்டார். "எங்கப்பா காயல்பட்டினத்துல கடை வச்சிருக்காரு அங்கிள்," என்றான். "எங்களுக்குத் தெரிஞ்சவரோ?" "இல்ல அங்கிள்." அல்பேட் அண்ணை மனவருத்தத்தோடு தலையை ஆட்டி, "அப்ப எந்தப் பேரில எழுதிறது?" என்று அவனை விட்டுவிட்டார். அதன் பிறகு அவன் நாலாவது கோலும் அடித்தான். நாங்கள் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன். பெடியன் அருமையாக விளையாடுகிறான் அத்தான். மருமகன் என்பதற்காகச் சொல்லவில்லை. லவால்காரன் ஒருவன் அவனைப் பிடிக்கமுடியாமல், தேவாலயத்திலுள்ள பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் பிரெஞ்சில் பெயர் சொல்லிக் கத்தினான். இந்த ஊரில் அதுதான் தூஷணம். அப்படிப் போய்க்கொண்டிருந்த பெடியன், கார் நிறுத்துமிடத்துக்குள் ஒரு வெள்ளை வான் நுழைந்ததும் பந்தை விட்டுவிட்டு நின்றான். அதில் தண்ணீர்க்குழாய் திருத்துகிறவன் வந்திறங்கினான். பிறகு இன்னொரு வெள்ளை வான் வந்தது. திரும்பவும் நின்றான். அதில் எங்களுக்குத் தின்ன றோல்ஸ் வந்தது. மூன்றாவது வானுக்கு அவன் நின்ற நேரத்தில் லவால்காரர் கோலே போட்டுவிட்டார்கள். இடைவேளையில், "என்னடா தம்பி, வானைக் கண்டால் ஏன் மரமா நிக்கிறாய்?" என்று கேட்டேன். "அப்பா வாறன் எண்டவர், மாமா. வேலை முடிஞ்சு தன்ர வெள்ளை வானில நேர வாறன் எண்டவர்," என்றான். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யாரை நினைத்து என்பதை நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள்.

அல்பேட் அண்ணை ஒரே வெட்டாக வெட்டினார். "வீரபத்திரன்ர மோன்தானே? வாறன் வாறன் எண்டு ஒரு கலியாணவீட்டுக்கும் வராத மனிசன். தேப்பனை நம்பேலாது, மோனை எப்பிடி நம்பிறது?" நான் எழும்பி என் கதிரையை மடித்தேன். றோல்ஸ் எடுக்கப் போயிருந்த டெனிஸ்டனின் கதிரையையும் மடித்தேன். மூன்றாவது கதிரையில் அல்பேட் அண்ணை இருந்தார். நான் அதன் காலில் கை வைத்ததும், "சரி சரி, வீரபத்திரன் உள்ளுக்கு," என்றார்.

பிறகுதான் விபரீதம். அல்பேட் அண்ணை ஒலிபெருக்கியைப் பிடித்து, எடுபட்டவர் வந்து புது ஜேர்சி வாங்கவேண்டும் என்று பதினாறு பெயர்களையும் வாசித்தார். நாங்கள் தெரிவுசெய்தது எந்தப் பெயரில்? தகப்பன் பெயரில். வாசித்ததும் அதே பெயர்தான். முதலில் கூப்பிட்டது தில்லையம்பலம் என்று. அந்த மனிதர் குளிர்ச்சட்டையோடு, பாதி கடித்த றோல்ஸோடு முன்னுக்கு வந்து இரண்டு கையையும் நீட்டினார். "பள்ளிக்கூடத்தில ஒரு வருசமும் என்னை எடுக்கேல்லை, அண்ணை. தண்ணி குடுக்கத்தான் விட்டவங்கள்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அதற்குப் பிறகு, உங்களை இல்லை உங்கள் மகனைத்தான் என்று சொல்ல எந்தத் தெரிவுக்குழுவுக்கு நெஞ்சு வரும்? அடுத்தவரும் வந்தார், அதற்கடுத்தவரும் வந்தார். கிருஷ்ணகுமார் ஜேர்சியை வாங்கிச் சேட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு நேரே போய்க் கோல்வாசலில் நின்றார். மகன் விட்டுப்போன அதே இடம். பெடியன்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள்; பிறகு கைபேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். தகப்பன்மார் உடனே பயிற்சி தொடங்கி, என் கதிரைகளைக் கோல்கம்பமாக நட்டார்கள். அவற்றை மீட்கப்போன இடத்தில்தான் என் முழங்காலில் தில்லையம்பலத்தாரின் உதை விழுந்தது.

உங்கள் பெயரை நீதிமன்றத்தில் கூப்பிடுவதுபோல் மூன்று முறை கூப்பிட்டார்கள். ஒருவரும் வரவில்லை. அல்பேட் அண்ணை என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. அப்போது விதுர்சன் போனான். "அவர் வரேல்லை. நான் வாங்கிறன்," என்றான். "விளையாட வருவாரோ?" என்று அல்பேட் அண்ணை கேட்டார். "ஓம். வாறன் எண்டுதான் சொன்னவர்," என்று ஜேர்சியை வாங்கி நாலாக மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அத்தான், அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. முழங்கால் வலி என்று எல்லோருக்கும் சொன்னேன்.

நீங்கள் பதறவேண்டாம். நாளைக்குத் திருத்தக் கூட்டம் இருக்கிறது. உங்கள் பெயரை வெட்டி விதுர்சனின் பெயரை எழுதவைப்பது என் பொறுப்பு. அது முடிந்த கையோடு நான் பதவி விலகுகிறேன். கதிரைகளைக் கீழறையில் வைத்துப் பூட்டிவிட்டேன், இனிமேல் எந்த ஆட்டத்துக்கும் அவை வெளியே வரமாட்டா. நீங்கள் மொன்றியலுக்கு வரத் தேவையே இல்லை. வழமைபோல இரண்டு வேலைக்கும் போய்வாருங்கள்.

அக்காவுக்கு என் அன்பும் பாலாம்பிகையின் விசாரிப்பும். உங்கள் இருவருக்கும் நோய்நொடியில்லாத நீண்ட ஆயுளையும், முக்கியமாக நல்ல முழங்கால்களையும் அந்தப் பிள்ளையார் தந்தருளட்டும்.

இங்ஙனம்,
என்றும் மாறாத அன்புள்ள மைத்துனன்,
அரியரத்தினம்

பி.கு.: மேலே எழுதிய கடைசிப் பகுதி ஒன்றும் செல்லாது. முத்திரை கேட்கப் போனபோது விதுர்சன் கடிதத்தை வாங்கி முழுவதையும் வாசித்துவிட்டான். தமிழ் வாசிக்க மாட்டான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். "மாமா, அப்பான்ர பேரை வெட்டாதேங்கோ," என்றான். "நீயெல்லோடா விளையாடவேணும்?" என்றேன். "நான் பேந்து விளையாடுறன். முதல் அவர் வரட்டும்." அதோடு நிற்காமல் மற்றப் பெடியன்களுக்கும் அடித்துப் பேசி, அல்பேட் அண்ணையையும் சம்மதிக்க வைத்துவிட்டான். வருகிற சனிக்கிழமை தகப்பன்மாருக்குப் பரீட்சை ஆட்டம், தெரிவுக்குழு மகன்மார். தகப்பன் மைதானத்துக்கு வந்தால் மகனுக்கு அணியில் இடம், வராவிட்டால் இல்லை. யாசின்தான் பயிற்சியாளர், அவனுடைய தகப்பன் காயல்பட்டினத்திலிருந்து வீடியோவில் வருகிறாராம், ஆகவே அவனுக்கும் இடம் நிச்சயம். காயல்பட்டினத்து மனிதரே வரும்போது ஸ்காபரோ என்ன தூரம்? என் பதவிவிலகலும் இரத்து. முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு நான் கோல் காக்கிறேன். கீழறைப் பூட்டைத் திறந்து கதிரைகளைப் பெடியன்கள் கொண்டுபோய்விட்டார்கள். உங்கள் சப்பாத்து அளவு எட்டா ஒன்பதா என்று விதுர்சன் கேட்டான், எனக்கும் தெரியவில்லை. தன் கதிரையைக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி போடப்போகிறானாம். வெள்ளை வானிலேயே வாருங்கள்.