ஜெனியின் பிறந்தநாளும் வெறும் வயிற்று விருந்தாளிகளும்

எதற்கும் ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டிவிட்டால் காரியம் பாதி முடிந்த மாதிரி என்று நம்புகிற ஆள் நான். ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. எனக்குச் சோறு போடுவதே அதுதான். தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி வேலை. ‘தலைக்கவசம் அணியவும்’, ‘தரை ஈரம்’, ‘இங்கே நிற்காதீர்’ என்று பதினைந்து வருடமாக ஊருக்குப் புத்தி சொல்லி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில்கூட ‘கதவு மூடியதை உறுதிசெய்யவும்’ என்று ஒரு சீட்டு உண்டு. (அதற்குக் கீழே என் மனைவி நிர்மலா பென்சிலால் ‘சரிங்க சார்’ என்று எழுதிவைத்திருக்கிறாள்.)

அப்படிப்பட்ட நான் நான்கு வருடத்துக்கு முன் எழுதிய ஓர் அறிவிப்பு, சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருந்த முதியவர்களில் பாதிப் பேரைப் பட்டினி போட்டது.

அப்போதுதான் சிராங்கூனிலிருந்து தெம்பனிஸுக்கு வீடு மாறியிருந்தோம். சிராங்கூனில் எங்கள் மகள் ஜெனி கதவைத் திறந்தால் போதும், தாழ்வாரத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். இங்கே கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் பழைய மாதா கோயிலுக்கே போய்க்கொண்டிருந்ததால் அக்கம்பக்கத்தில் ஒரு முகம்கூடப் பழகவில்லை. ஜெனிக்கு ஐந்தாவது பிறந்தநாள் வர ஆறு வாரம் இருந்தது.

ஒரு மாலை அவள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எதையோ வரைந்துகொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

“பர்த்டேக்கு யாரெல்லாம் வருவாங்கன்னு லிஸ்ட் போடுறேன்பா.”

தாளில் மூன்று படங்கள் இருந்தன. அம்மா, அப்பா, பாண்டா. (பாண்டா என்பது ஒரு காது பிய்ந்துபோன துணிப் பொம்மை.)

“பாண்டாவுக்கு ரெண்டு நாற்காலி போடலாம்பா. அப்பதான் நிறையப் பேர் வந்த மாதிரி இருக்கும்.”

அழுதுகொண்டே சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பாண்டாவின் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வரைய ஆரம்பித்துவிட்டாள்.

நிர்மலாவிடம் சொன்னேன். “போகப் போகப் பழகிடும்ங்க,” என்றாள். “தினமும் சாயங்காலம் கீழ கூட்டிட்டுப் போங்க. யார்கிட்டயாவது வாயத் திறந்து பேசுங்க.”

போகப் போகச் சரியாகும் என்பதில் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு நம்பிக்கை கிடையாது. அன்றே எங்கள் வட்டாரப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தேன். என் பெயர் சேவியர் என்று தொடங்கி, குடும்பம், புளோக் எண், மகளின் வயது, அவளுக்குப் பிடித்த விளையாட்டுகள் என்று ஏழு அம்சங்களில், வரிசை எண் போட்டு, ஓர் அறிமுகம் எழுதினேன். ஒருவர் கட்டைவிரல் காட்டினார். இன்னொருவர், “தொட்டில் இன்னும் இருக்கா?” என்று கேட்டார். அது எனக்கல்ல, எனக்கு முன்னால் தொட்டில் விற்றவருக்கு. அதோடு பேச்சு தொட்டில் பக்கம் போனது, திரும்பவே இல்லை.

விளையாட்டுத் திடலிலும் இதே கதைதான். பிள்ளைகள் இருந்தார்கள், பெற்றோரைக் காணவில்லை. நீள பெஞ்சில் முதியவர்கள் ஏழெட்டுப் பேர் தண்ணீர்ப் புட்டிகளையும் பள்ளிப் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வேண்டியது பெற்றோர். ஜெனி சறுக்குமரத்தில் தனியாக ஏறி இறங்குவதை ஐந்து நாள் பார்த்துவிட்டு, “இங்க பேசுறதுக்கு ஆளே இல்ல,” என்று நிர்மலாவிடம் அறிக்கை கொடுத்தேன். (அந்த மகா வாக்கியத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.)

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையில் இறங்கினேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் விழா நடத்த முறைப்படி அனுமதி வாங்கினேன். அலுவலகத்தில் பயன்படுத்தும் அறிவிப்புப் படிவத்தைத் திறந்தேன். மேலே நீலப் பட்டை. அதில் பெரிய எழுத்தில் ‘குடியிருப்பாளர்களுக்கு அன்பான அழைப்பு’. அடுத்து நாள், இடம், நேரம்: சனிக்கிழமை காலை பத்து மணி. ‘முன்பதிவு தேவையில்லை. சிற்றுண்டி உண்டு. அன்பளிப்புப் பை உண்டு.’ எங்கள் துறை வழக்கப்படி நிகழ்வின் நோக்கம் கடைசியில்தான் வரும், அதுவும் பொடி எழுத்தில். அங்கே ‘ஜெனியின் ஐந்தாவது பிறந்தநாள்’ என்று போட்டேன். ஆங்கிலத்திலும் தமிழிலும் கச்சிதமாக ஒரே பக்கம்.

நிர்மலா வாங்கிப் பார்த்தாள். “மூலையில என்னங்க இது, ஆஸ்பத்திரி மாதிரி?”

படிவத்தின் மூலையில் தொழிலாளர் நலப் பிரிவின் சின்னம் இருந்தது. சிவப்பாக ஓர் இதயம், அதன் குறுக்கே மேலும் கீழும் ஏறி இறங்கும் ஒரு கோடு.

“இதயம். அன்புக்கு அடையாளம்,” என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். திருமணமாகி எட்டு வருடத்தில் அந்தப் பார்வைக்கு அர்த்தம் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்கவில்லை. எங்கள் புளோக்கின் தபால் பெட்டிகளில் ஒன்றைக்கூட விடாமல் அறிவிப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். தபால் பெட்டிகளைத் திறப்பது வேலைக்கு ஓடும் அப்பா அம்மாக்கள் அல்ல என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

விழா நாள் வந்தது. ஒன்பது மணிக்கே கீழே போய் மேசை நாற்காலிகளைப் போட்டேன். ஒரு மேசையில் வருகைப் பதிவுத்தாள், நூலில் கட்டிய பேனா, முன்னால் ‘பதிவு’ என்று ஓர் அட்டை. நான் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் ‘ஏற்பாட்டாளர்’ என்று ஓர் அடையாள அட்டையும் மாட்டிக்கொண்டேன். (யார் ஏற்பாட்டாளர் என்று விருந்தாளிகளுக்குக் குழப்பம் வரக் கூடாதல்லவா.) ஜெனி மஞ்சள் கவுனில், பாண்டாவை இடுக்கிக்கொண்டு மின்தூக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதரைக்கு மின்தூக்கி திறந்தது. தள்ளுகூடையோடு ஒரு சீனப் பெண்மணி வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. நேராகப் பதிவு மேசைக்கு வந்து, பெயர் டான் என்று எழுதி, அடையாள அட்டை எண்ணையும் எழுதி, உட்கார்ந்தார். அவர் பின்னால் இருவர். அவர்கள் பின்னால் ஐவர். பத்து நிமிடத்தில் தூண் வரைக்கும் வரிசை நின்றது. கைத்தடிகள், தொப்பிகள், மடக்குக் குடைகள். வரிசையில் நின்றவர்களின் சராசரி வயதில் ஜெனியைப் போலப் பதினான்கு பேரைச் செய்யலாம். பேரப்பிள்ளைகள் பின்னால் வருகிறார்கள்போல என்று நினைத்து எல்லாரையும் கும்பிட்டு உட்கார வைத்தேன்.

டான் ஆன்ட்டி அன்பளிப்புப் பையைத் திறந்தார். உள்ளே ஒட்டுப்படங்கள், காகிதக் கிரீடம், சோப்புக் குமிழி ஊதும் சின்னப் புட்டி. புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டார். (அவர் பேசியது சிங்கப்பூர் ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன்.)

எனக்குப் புரியவில்லை. அதற்குள் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் என் முழங்கையைத் தொட்டார். ஒன்பதாவது மாடிக் கமால் பாய் என்று பிறகு தெரிந்தது. தேக்கா சந்தைப் பக்கம் துணிக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர்.

“தம்பி, பிரஷர் மட்டுந்தானா, இல்ல ஷுகரும் பாக்குறீங்களா?”

“என்ன பாய்?”

“ரத்தம் எடுக்குறதா இருந்தா சீக்கிரம் எடுத்துருங்க. நேத்து ராத்திரி எட்டு மணியிலேர்ந்து நாங்க யாரும் ஒண்ணும் சாப்பிடல. அந்தம்மா தண்ணிகூடக் குடிக்கல.”

நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். ஏற்கெனவே நாலைந்து பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு வருடப் பாதுகாப்புப் பணியில் என் பொறுப்பில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. அன்று ஒரே தாளில் முப்பது முதியவர்களைப் பட்டினி போட்டிருந்தேன்.

அறிவிப்பின் கடைசி வரியை விரலால் காட்டினேன். கமால் பாய் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு திரும்பி, இது மருத்துவப் பரிசோதனை இல்லை, ஒரு பிள்ளையின் பிறந்தநாள் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் கூட்டத்துக்குச் சொன்னார். அந்த நேரம் பார்த்து நிர்மலா கேக்கோடு மின்தூக்கியிலிருந்து வந்தாள்.

“என்னங்க, இவங்கல்லாம் யாரு?”

“விருந்தாளிங்க,” என்றேன். வேறென்ன சொல்ல.

டான் ஆன்ட்டி எழுந்தார். தள்ளுகூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார், போகட்டும், அவர் பின்னால் எல்லாரும் போகட்டும், நானும் வேறு தீவுக்குப் போய்விடுகிறேன் என்று நினைத்தேன். அவர் ஜெனியின் முன்னால் போய்க் குனிந்தார். “உனக்குத்தான் பர்த்டேயா? அப்போ நான் சாப்பிடலாம் லா,” என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் மடித்த கையை இறக்காமல், “பிரஷர் பாத்துட்டுத்தான் போவேன். பாக்குறேன்னு சொன்னீங்கல்ல,” என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார்.

நிர்மலா கேக்கை என் கையில் கொடுத்துவிட்டு மேலே ஓடினாள். கேசரிச் சட்டியோடும் ஒரு பழைய பெட்டியோடும் திரும்பினாள். பெட்டியில் பிரஷர் பார்க்கும் கருவி. ஜெனி வயிற்றில் இருந்தபோது நிர்மலாவுக்கு இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. தினம் மூன்று வேளை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் வாங்கியது. ஒவ்வொரு முறையும் எண் வரும்வரை நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதே கருவியின் பட்டையை டான் ஆன்ட்டியின் கையில் அவள் சுற்றியபோது எனக்கு ஏனோ கண் கலங்கியது. (வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.)

ஜெனிக்கு எண்கள் எழுதத் தெரியும். கருவி காட்டுவதைப் பார்த்து வண்ணப் பென்சிலால் என் பதிவுத்தாளில் எழுதினாள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஒட்டுப்படம் ஒட்டினாள். கிரீடம் போட்டவர்களுக்கே கேசரி என்று சட்டமும் போட்டாள். யாருக்குச் சர்க்கரை உண்டோ என்று நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு தயங்க, “ராத்திரியிலேர்ந்து பட்டினி தம்பி, ஒரு கரண்டி கேசரிக்குமா அறிவிப்பு போடப் போறீங்க?” என்றார் பாய். நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பாண்டாவுக்கு ஓர் இடம்கூட மிஞ்சவில்லை.

மணி பதினொன்று ஆனது. ஜெனி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, பிள்ளைங்க எப்ப வருவாங்க?”

இத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில் அந்தக் கேள்வி என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த கமால் பாய்தான் பதில் சொன்னார்.

“சனிக்கிழமை காலையில எந்தப் பிள்ளை தம்பி வீட்டுல இருக்கும்? எல்லாம் டியூஷன், நீச்சல், பியானோ. நீங்க எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“உங்களுக்கு எப்படி பாய் தெரியும்?”

“கொண்டுபோய் விடுறதும் கூட்டிட்டு வர்றதும் நாங்கதானே. தினம் சாயங்காலம் பெஞ்சில உக்காந்திருக்கோம். நீங்களும் பாக்குறீங்க, போறீங்க.”

அப்போதுதான் அந்த முகங்களை நான் முகங்களாகப் பார்த்தேன். மடியில் பள்ளிப் பைகளை வைத்திருந்த அதே ஆட்கள். வாட்ஸ்அப்பில் நான் தேடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் அட்டவணை முழுக்க அந்த பெஞ்சில் இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. “தப்புதான் பாய்,” என்றேன். அவர் என் முதுகில் தட்டிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்.

எல்லாரும் எடுத்தார்கள். டான் ஆன்ட்டி என் பேனாவைப் பிடுங்கி, பதிவுத்தாளின் பின்பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கு எத்தனை மணிக்கு வகுப்பு முடிகிறது என்று பட்டியல் போட்டார். யார் யாரைக் கூட்டி வருவது, யார் வீட்டிலிருந்து நூடல்ஸ் வருவது எல்லாம் இருபது நிமிடத்தில் முடிவானது. எனக்குக் கொடுத்த ஒரே வேலை, கேக்கின் மேல் ஈ உட்காராமல் பார்த்துக்கொள்வது. ஒன்றரை மணிக்கு, பியானோ பையும் ஈர நீச்சலுடையுமாகப் பத்தொன்பது பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, ஜெனி மெழுகுவர்த்தியை ஊதினாள். பிறகு கீழ்த்தளத்தில் அவர்கள் ஓடிய ஓட்டத்தில் ‘ஓடாதீர்’ என்று ஒட்ட என் கை துறுதுறுத்தது. ஒட்டவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் நான் எதற்காவது, “ஏற்பாடெல்லாம் நான் பாத்துக்கிறேன்,” என்று சொல்லிவிட்டால் போதும். நிர்மலாவும் ஜெனியும் சட்டைக் கையை மடித்து மேசைமேல் நீட்டிவிடுவார்கள். மின்தூக்கியில் என்னைப் பார்க்கும் பாதிப் பேரும் அப்படித்தான்.

ஜெனி இப்போது தொடக்கநிலை மூன்றாம் வகுப்பு. சென்ற மாதம் தமிழ் வகுப்பில் ‘என் தோழி’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி எழுதியிருந்தாள்: “என் தோழியின் பெயர் டான். அவருக்கு வயது எழுபத்தெட்டு. நான் பள்ளி முடிந்து வரும்போது அவர் பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். அவருடைய இரத்த அழுத்தம் நூற்று முப்பத்திரண்டு. அது அவருக்கு நல்ல அழுத்தம்.” ஆசிரியர் சிவப்பு மையில், ‘உன் வயதுத் தோழியைப் பற்றித் திருத்தி எழுதவும். பெற்றோர் கையொப்பம் தேவை’ என்று போட்டிருந்தார்.

அறிவுறுத்தல் எதையும் மீறாதவன் நான். கையொப்பம் மட்டும் போட்டேன். திருத்தச் சொல்லவில்லை.