இளகிய டொபியும் ஒரு கேத்தல் சுடுதண்ணீரும்

திரவங்கள் குளிர்ந்து குளிர்ந்து கண்ணாடிபோல் இறுகும்போது அவற்றின் மூலக்கூறுகள் எப்படி அசைகின்றன என்பதை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்கியவன் நான். இதை வெள்ளவத்தையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். கொட்டாஞ்சேனையில் வாயே திறப்பதில்லை. அங்கே ஒரு குறுகிய ஒழுங்கை முழுவதும் என் ஆய்வைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. (தொட்டவர்கள் கையை எடுக்கத்தான் கஷ்டப்பட்டார்கள்.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஆய்வு பாதியில் நின்றது. காதல் அதைவிடக் கொஞ்சம் முன்னேறியிருந்தது. ரோசலின் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண், நான் வெள்ளவத்தைச் சைவப் பெடியன். என் வீட்டில் அழுது முடித்துச் சம்மதித்துவிட்டார்கள். அவளுடைய அப்பா சேவியர் அங்கிள் அழுகிற ஆள் இல்லை. துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் அவர் முப்பது வருடம் பார்த்த வேலை. தன் கண்ணால் பார்க்காத பெட்டிக்குக் கையெழுத்துப் போடமாட்டாராம். என்னையும் ஒரு பெட்டியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். "கிறிஸ்மஸ் முடியட்டும். பதில் சொல்லுறன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அதனால் கிறிஸ்மஸுக்கு முதல் நாள் காலையிலேயே உதவி செய்கிறேன் என்று அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றேன். குசினியில் ரோசலினின் அம்மா, மேரி அன்ரி, மில்க் டொபி கிண்டிக்கொண்டிருந்தார். அங்கிள் வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் என்னதான் படிக்கிறீர்? மகள் சொல்லுறாள், எனக்கு விளங்கேல்லை."

இந்தக் கேள்விக்காக இரண்டு வாரமாகப் பதில் தயார்செய்து வைத்திருந்தேன். "அங்கிள், பஸ்ஸில சனம் நெரிஞ்சா நடுவில நிக்கிறவர் இறங்க ஏலாது. பக்கத்தில நிக்கிறவர் விலக வேணும். அவர் விலக, அவருக்குப் பின்னால நிக்கிறவரும் விலக வேணும். ஆனா மிதிபலகைப் பக்கம் நிக்கிற நாலு பேர் அசைஞ்சுகொண்டுதான் இருப்பினம். குளிருற திரவத்திலயும் இப்பிடித்தான். ஒரு இடத்தில மூலக்கூறெல்லாம் இறுகி நிக்கும், பக்கத்து இடத்தில அசையும். குளிரக் குளிர எல்லாம் நிண்ட இடத்திலயே மாட்டுப்பட்டுப் போகும். அதுதான் கண்ணாடி நிலை."

அங்கிள் யோசித்தார். "இதுக்கு யூனிவர்சிட்டிக்குப் போக வேணுமோ? நான் முப்பது வருஷம் அந்த பஸ்ஸிலதான் போனனான்."

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. நேரே குசினிக்குள் போனேன்.

"அன்ரி, கிண்டாதேங்கோ. கிண்டினா சீனி மூலக்கூறுகள் வரிசையில போய் நிண்டிடும். டொபி மணல்மாதிரி வரும். தேசிக்காய் கொஞ்சம் பிழிஞ்சு, அசையாமல் ஆறவிட்டா, வரிசை பிடிக்க முதலே எல்லாம் நிண்ட இடத்தில நிண்டிடும். கண்ணாடிமாதிரி இருக்கும்."

"தம்பி, எங்கட வீட்டில மில்க் டொபிதான் வழமை" என்றார் அன்ரி. ரோசலின் பின்னால் நின்று கண்ணைக் காட்டினாள். (அது எச்சரிக்கை என்று இப்போது தெரிகிறது. அப்போது காதல் என்று நினைத்தேன்.) அகப்பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, புதிதாகச் சீனி காய்ச்சினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், டொபி அற்புதமாக வந்தது. பொன்னிறம், முறித்தால் சடக்கென்ற சத்தம். அங்கிள் ஒரு துண்டை எடுத்துப் பேப்பருக்கு மேல் பிடித்து, அதனூடாக ஒரு தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்தார். "ஓம், தெரியுதுதான்" என்று முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். கையெழுத்து விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அன்ரியின் கல்யாணப் பீங்கான் தட்டுகள் எட்டு. அவற்றில் கேக், கொக்கிஸ் பலகாரம், நடுவில் என் டொபி என்று வைத்து, அன்ரி கையால் பின்னிய லேஸ் துணியால் மூடி, மத்தியானம் எட்டு வீட்டுக்குக் கொடுத்தோம். அந்த ஒழுங்கையில் எந்த மதத்து வீடானாலும் ஒரு சட்டம் உண்டு: வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுப்பார்கள்.

தட்டுகள் போன கையோடு மழை பிடித்துக்கொண்டது.

நாலு மணிக்கு முன்வீட்டு மல்லிகா நோனா தட்டோடு வந்து நின்றார். "மல்லி, மேக்க மொக்கத?" தம்பி, இது என்ன என்றுதான் சிங்களத்தில் கேட்டார். எனக்கே தெரியவில்லை. டொபி இளகி வழிந்து, கேக்கையும் கொக்கிஸையும் விழுங்கி, லேஸ் துணியையும் பிடித்துக்கொண்டு தட்டோடு ஒன்றாகியிருந்தது. அடுத்து பக்கத்து வீட்டு நஸீமா அன்ரி. "மேரி, தட்டை வெறுமையாத் தரக் கூடாதுண்டு பாத்தேன். இது இனி வெறுமையாகாது போல ஈக்கி" என்றார். மூன்றாவது தட்டு வந்தபோது நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ஈரக் காற்றிலிருந்து தண்ணீர் மூலக்கூறுகள் உள்ளே நுழைந்து, மாட்டுப்பட்டு நின்ற சீனியை அசைய விட்டிருந்தன. தேசிக்காய் பிழிந்தால் ஈரத்தை இன்னும் கூடவே இழுக்கும். இதையெல்லாம் என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பந்தி முழுக்க நானே எழுதியிருந்தேன்.

அன்ரி ஏசவில்லை. தட்டுகளைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அங்கிள் டொபியைச் சுரண்டக் கத்தியோடு வந்தார். "கத்தி படக் கூடாது. அது எங்கட அம்மா தந்த தட்டு" என்றார் அன்ரி.

அப்போதுதான் எனக்குப் படித்த ஒரு விஷயம் உருப்படியாக நினைவுக்கு வந்தது: சூடாக்கினால் எல்லாம் இளகும். கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, அளவாக ஆற்றி, அந்த மூன்று தட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். லேஸ் ஒரு நூல்கூட அறாமல் கழன்றது. பிறகு கேத்தலையும் பேசினையும் தூக்கிக்கொண்டு, மற்ற ஐந்து வீட்டுக்கும் மழைக்குள் போனேன். ஒவ்வொரு வீட்டுக் குசினியிலும் முழங்காலில் இருந்து, மன்னிப்புக் கேட்டு, தட்டுக் கழுவினேன். இரண்டாவது வீட்டால் வெளியே வந்தபோது அங்கிள் குடையோடு நின்றார். கடைசி வீடுவரை குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தட்டுகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எட்டும் சரி. உடைவு இல்லை" என்றார். துறைமுகத்தில் கையெழுத்துப் போட முதல் சொல்லுகிற வார்த்தையாம் அது. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "தை பிறக்கட்டும் தம்பி, சேர்ச்சில பங்குச் சுவாமியைக் கண்டு கதைப்பம்" என்றார்.

எங்கள் கல்யாணத்துக்கு அந்த ஒழுங்கையிலிருந்து மட்டும் ஐந்து கேத்தல் பரிசாக வந்தது. அங்கிள் இன்றும் புது ஆட்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது, "மருமகன் டொக்டர். டொபிக்கு மட்டும்தான் பாப்பார்" என்கிறார்.

கிறிஸ்மஸுக்கு வழமைபோல மில்க் டொபிதான். கிண்டுவது ரோசலின். தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் என் வேலை. போன வருடமும் மல்லிகா நோனா கதவைத் திறந்தார். இப்போது அவருக்குப் பார்வை சரியாக இல்லை. தட்டை வாங்கி, லேஸ் துணியின் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். துணி வந்துவிட்டது. ஆனாலும் என் கையைத் தடவிப் பார்த்து, கேத்தல் எங்கே என்று கேட்டார்.